பனிக்கட்டியின் மேல் ஒரு கதிரை

ஏப்ரல் முதல் வாரத்தில், மொன்றியல் டவுன்டவுனில் இருக்கும் கண் மருத்துவர் அம்மாவுக்குப் போட்டுவந்த ஊசியை நிறுத்தினார். இடது கண் ஏற்கனவே போய்விட்டிருந்தது. வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். இனி அதனாலும் பயன் இல்லை என்றார். விழித்திரையின் நடுவில் கசிந்தது காய்ந்து தழும்பாகிவிட்டது, தழும்பு பரவிக்கொண்டிருக்கிறது, கோடை முடிவதற்குள் நடுப்பார்வை முழுவதும் போய்விடும், ஓரப்பார்வை மிஞ்சும். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

அம்மா கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இனி ஊசி இல்லை. அது ஒரு நிம்மதி" என்றார்.

வாகனத் தரிப்பிடத்தில் வைத்தே நான் முடிவு செய்துவிட்டேன். அம்மா நகரின் மேற்கே ரொக்ஸ்பரோவில் அண்ணாவின் குடும்பத்தோடு இருக்கிறார். நான் மொன்றியலிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் கார் ஓடிப் போகவேண்டிய ஓர் ஏரிக்கரையில், சின்ன வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் அளவுகருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பரிசோதிப்பது என் வேலை. வடக்கே உள்ள சிற்றூர்கள் என் பொறுப்பு. அம்மா இந்த நாட்டில் இருபத்தைந்து வருடம் இருந்தும் ஒரு வசந்தத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்த காலத்தில் வசந்தம் என்பது நடைபாதையில் மிஞ்சிய உப்பு மண்ணும், வாசலில் நனைந்த சப்பாத்துகளும்தான். அவர் வேலை செய்த தையல் ஆலையின் யன்னல்களுக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தார்கள். ஆகவே மிச்சமிருக்கும் கண்ணால் அவர் ஒரு வசந்தத்தைப் பார்க்கவேண்டும். இந்தத் தர்க்கத்தில் எனக்கு அப்போது ஒரு பிழையும் தெரியவில்லை.

அண்ணாவுக்குத் தெரிந்தது.

"உனக்கென்ன விசரே? அங்கை இன்னும் முழங்கால் மட்டும் ஸ்னோ கிடக்கு" என்றார் தொலைபேசியில். "கண் தெரியாத மனிசியைக் காட்டுக்குள்ளை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"வசந்தம் வாறதைக் காட்டப்போறன்."

"அதை டிவியிலை காட்டலாம். அம்மா சூடா இருந்து பாப்பா."

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். "எடேய், நான் என்ன பார்சலே, ஆர் வைச்சிருக்கிறதெண்டு சண்டை பிடிக்கிறியள்? ஆறு கிழமை போட்டு வாறன். என்ரை சட்டிபானையளை மட்டும் ஒருத்தரும் தொடாதேங்கோ."

தொலைபேசியில் ஒரு பட்டியல் எழுதினேன். எதற்கும் பட்டியல் போடுவது என் பழக்கம். கூரையோரம் தொங்கும் பனிக்கூர்கள் ஒழுகுவது, பனி விலகிய இடத்தில் தெரியும் மானின் காலடி, தோளில் சிவப்புப் பட்டி போட்ட கறுப்புக் குருவிகள் நாணல்களுக்குத் திரும்புவது, வாத்துகள், ஏரியின் பனிக்கட்டி உடைவது, காட்டுக்குள் இலைகளுக்கு முன்னதாக வரும் மஞ்சள் பூ, கடைசியாக இலை. இன்னும் சில சேர்த்து மொத்தம் பதினொன்று. எது எந்தக் கிழமையில் வரும் என்று பக்கத்தில் குறித்தேன். மூன்று வருடமாக நான் எழுதிவைத்த திகதிகள் என்னிடம் இருந்தன. ஆகவே கணக்கு ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது.

முதல் கிழமை நன்றாகப் போயிற்று. வீட்டின் தெற்குச் சுவரோடு ஒரு வாங்கு இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் சூரியன் அந்தச் சுவரைச் சூடாக்கும். அம்மா குளிர் அங்கியோடும் கம்பளித் தொப்பியோடும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பனிக்கூர் ஒன்று முறிந்து விழுந்தால் அவர் துள்ளி எழும்பிவிட்டுத் தானே சிரிப்பார். பத்தாம் நாள் அளவில் மண் மணக்கத் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க ஒரு மணமும் இல்லாமல் இருந்த மூக்குக்கு அது ஒரு தாக்குதல் போல இருக்கும்: அழுகிய இலை, ஈரக் கட்டை, எங்கோ ஒரு நாயின் பழைய கழிவு, எல்லாம் ஒன்றாக.

"ஆறு மாசம் ஐஸ்பெட்டிக்குள்ளை வைச்ச ஊரை இப்பத்தான் வெளியிலை எடுத்து வைச்சிருக்கினம்" என்றார் அம்மா. "சாதுவாக் கொஞ்சம் பழுதாப் போச்சு. ஆனா சமைக்கலாம்."

அவருடைய பார்வையின் விதம் எனக்கு அந்த நாட்களில்தான் சரியாக விளங்கியது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது இல்லாமல் போய்விடும். அதற்குப் பக்கத்தில் பார்த்தால் ஓரத்தில் வந்து நிற்கும். அதனால் என் முகத்தைப் பார்ப்பதற்கு என் காதுக்கு அப்பால் பார்ப்பார். தேநீர்க் குவளையை எடுக்க மேசையின் விளிம்பைப் பார்ப்பார். "கோழி பாக்கிறமாதிரிப் பாக்கிறன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மருத்துவர் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார். சின்னச் சின்னக் கட்டங்கள் போட்ட ஒரு சதுரம், நடுவில் ஒரு புள்ளி. கோடுகள் எங்கே வளைகின்றன, எங்கே இல்லை என்று கவனித்து வரவேண்டும். நான் அதில் நாற்பது பிரதி எடுத்தேன். காலை உணவுக்கு முன் அம்மா வலது கண்ணால் புள்ளி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தபடி, இல்லாத இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவார். நான் அதை அடிமட்டம் வைத்து அளந்து, திகதி போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டுவேன். முதல் நாள் ஒரு பயறளவு. இரண்டாம் கிழமை ஒரு கடலையளவு.

"என்ன, பிள்ளை வளருறதைப் பாக்கிற மாதிரி அளக்கிறாய்?" என்றார் ஒரு நாள்.

அளக்காமல் இருக்க முடியவில்லை. அப்படி ஒரு தாளை நான் அதற்கு முன்பும் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலக் கடிதங்கள் அண்ணாவுக்கு, பிரெஞ்சு எனக்கு. பாடசாலை, வாடகை அலுவலகம், பல் வைத்தியர், எல்லா இடத்துக்கும் நான் போவேன். இந்த வேலையில் முதலில் படிப்பது சுருக்குவது. அம்மா ஒரு கேள்விக்கு ஐந்து வசனம் சொல்வார். அதில் ஒன்று பதில், மற்ற நான்கும் சுற்றுவட்டாரம். எதிரே இருப்பவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். நான் பதிலை மட்டும் பிடுங்கிக் கொடுப்பேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அம்மாவின் தையல் கோணுகிறது என்று ஆலையில் முறைப்பாடு வந்தது. "மெஷின் இழுக்குது" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று, வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். பரிசோதித்தவர் அந்தக் கட்டத் தாளைக் காட்டி, கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்கச் சொன்னார். அம்மா இடது கண்ணால் பார்த்துவிட்டு, "நேர்தான், ஆனா நடுவிலை ஒரு இடத்திலை பாய் இழை விலகினமாதிரிக் கிடக்கு, நான் கண்ணைக் கசக்கினதாலையோ தெரியேல்லை, இந்தப் பேப்பரும் கொஞ்சம் பழசு" என்றார். அடுத்த நாள் எனக்குப் பௌதிகவியல் பரீட்சை. நான் அந்த மனிதரிடம் ஒரே சொல்லில், நேர் என்றேன்.

அவர் கண்ணுக்குள் விளக்கு அடித்தும் பார்த்தார். அன்று அதில் ஒன்றும் தெரியவில்லை. கோடு வளைகிறது என்று கேட்டிருந்தால் கண் மருத்துவரிடம் அனுப்பியிருப்பார். அம்மாவுக்கு வாசிக்கும் கண்ணாடி ஒன்று கிடைத்தது. நான்கு வருடம் கழித்து உண்மையான மருத்துவரிடம் போனபோது இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது. கோடுகள் எப்போதிருந்து வளைகின்றன என்று அந்த மருத்துவர் கேட்டார். தெரியாது என்றேன். அதுவும் என் மொழிபெயர்ப்புத்தான். அம்மாவிடம் கேட்கவே இல்லை.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த ஆறு கிழமைக்குள் அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்றிருந்தேன். பட்டியலில் அது பன்னிரண்டாவது. எழுதி வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முதியவர், முன்பு பாடசாலை பஸ் ஓட்டியவர். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு பழைய மரக் கதிரையைச் செம்மஞ்சள் வர்ணம் பூசி, ஏரியின் நடுப்பகுதியில் பனிக்கட்டியின் மேல் கொண்டுபோய் வைப்பார். கதிரை எந்த நாள் தண்ணீருக்குள் விழும் என்று ஏரியைச் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு நாள் சொல்லவேண்டும். கிட்டச் சொன்னவருக்கு மேப்பிள் பாகு ஒரு தகரம். கதிரை பழையது, அதில் ஆணி இல்லை, ஏரிக்குக் கேடு இல்லை, மிதந்து எழும்பியதும் படகில் போய் எடுத்துவிடுவேன் என்று என்னிடம் ஒவ்வொரு வருடமும் விளக்குவார்.

அவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்து, அம்மாவைக் காட்டி, "மதாமுக்கு எந்த நாள்?" என்றார்.

அம்மா கோயில் நாட்காட்டியை மனத்தில் புரட்டினார். "சித்திரா பௌர்ணமிக்கு முதல் நாள் எண்டு சொல்லு."

நான் சொன்னேன். அது என்ன நாள் என்று அவர் கேட்டார். தாயை இழந்தவர்கள் தாயை நினைத்து விரதம் இருக்கும் முழுநிலா நாள், அம்மா தன் தாய்க்காகப் பிடிக்கிறார் என்று முழுவதும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, தன்னுடைய தாயாரும் இல்லை, அன்றைக்குத் தானும் சாப்பிடாமல் இருக்கவேண்டுமா என்று கேட்டார்.

"பியர் குடிக்காமல் இருந்தாக் காணும் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

அவர் யோசித்துவிட்டு, அது கடினம் என்றார்.

ஏப்ரல் நடுவில் வீதி சேறாகியது. கறுப்புக் குருவிகள் நான் குறித்த கிழமைக்கு வந்தன. நாணல்களுக்குள் அவை போடும் சத்தம் துருப்பிடித்த கதவு திறப்பது போல இருக்கும். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. ஒரு மாலை, பள்ளத்தில் தேங்கிய உருகுநீரில் விரல்நுனி அளவுத் தவளைகள் கத்தத் தொடங்கின. நாங்கள் சமைத்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வெளியே போய் நின்றோம். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பென்சில் வட்டம் பெருத்துக்கொண்டு போனதோடு அது எந்தச் சம்பந்தமும் இல்லாமல் நடந்தது. மானடியை மட்டும் அவரால் காணமுடியவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்துக் குழிக்குள் வைத்தேன். "சேறு" என்றார்.

வீட்டுக்குள் வேறு விஷயங்கள் நடந்தன. அவர் அடுப்பின் குமிழைத் தேடி வெறுஞ் சுவரைத் தடவினார். நிலவறைக்குப் போகும் படிக்கட்டைக் குளியலறை என்று நினைத்துக் கதவைத் திறந்து, காலை வைக்கும்போது நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்று மாலையே அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். உப்பு, சீனி, தேயிலைப் போத்தல்களுக்கு வெவ்வேறு தடிப்பில் இறப்பர் வளையம் மாட்டினேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திருத்தம் இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் "நல்லது" என்று ஏற்றுக்கொண்டு, அடுத்த நாள் வேறு ஒன்றில் மோதினார்.

பனிக்கட்டி முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. கரையோரம் விலகி, இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம் தெற்கிலிருந்து பலத்த காற்று எழும்பியது. நான் வேலைக்குப் போகவில்லை; காற்று வரும் என்று தெரிந்து விடுமுறை எடுத்திருந்தேன். அம்மாவைக் கரையில், காற்றுக்கு மறைவாக ஒரு பாறையின் பக்கத்தில் உட்காரவைத்து, முழங்காலில் போர்வை போட்டேன்.

"கதிரை தெரியுதே?"

"அங்காலைக் கரையைப் பாத்தாத் தெரியுது. செம்மஞ்சள்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு முழுத் தகடும் அசைந்தது. உருகும் பனிக்கட்டி நீள நீள ஊசிகளாகப் பிரியும். காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து தள்ளும்போது ஆயிரம் கண்ணாடி வளையல்களைக் கொட்டுவதுபோலச் சத்தம் வரும். அம்மா என் கையைப் பிடித்தார். ஏரியின் நடுவில் ஒரு கீறல் ஓடியது. கதிரை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"சாயுதம்மா! பாருங்கோ, சாயுது!"

அம்மா எழுந்து நின்று, நேராகக் கதிரையைப் பார்த்தார்.

அதை நான் பக்கத்திலிருந்து கண்டேன். கரையைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும், நானும் ஞாபகப்படுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் நடக்கும்போது யாருமே அதைத்தான் பார்ப்பார்கள். கதிரை முன்காலில் குனிந்து, ஒரு நொடி முதுகு மட்டும் தெரிய நின்று, போய்விட்டது.

"எங்கை? இன்னும் விழேல்லையே?" என்றார்.

"விழுந்திட்டுது அம்மா."

அவர் தலையைத் திருப்பி எதிர்க் கரையைப் பார்த்தார். ஓரத்தில் தேடினார். பிறகு உட்கார்ந்தார். தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் படகுத்துறையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, மதாம், மதாம் என்று கத்தினார்.

"அந்தாள் ஏன் கத்துது?"

"நீங்கள் வெண்டிட்டியளாம். பாகு உங்களுக்குத்தான்."

"நான் காணாத கதிரைக்கு எனக்குப் பரிசு" என்றார் அம்மா. சிரிக்கத்தான் செய்தார்.

நான் அப்போது சொன்னேன். அது பொருத்தமான நேரமா என்று யோசிக்கவில்லை.

"அம்மா, செயின்ட்-மிஷேலிலை கண்ணாடிக் கடைக்குப் போனது ஞாபகம் இருக்கே?"

"ஓம். வாசலிலை மீன்தொட்டி வைச்சிருந்தவன்."

"அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை. கோடு நேர் எண்டு மட்டும்தான் சொன்னனான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"நான் இவ்வளவு சொன்னனான்." கைகளை அகட்டிக் காட்டினார். "நீ இவ்வளவு சொன்னாய்." இரண்டு விரல்களைக் கிட்டக் கொண்டுவந்தார். "பிரெஞ்சு விளங்காட்டிலும் நீளம் விளங்குந்தானே."

"அப்ப ஏன் ஒண்டும் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நேர் எண்டா வீட்டை போகலாம். வளைவெண்டா அங்கை போ, இஞ்சை போ எண்டு பேந்தும் லீவு எடுக்கச் சொல்லுவான். எனக்கும் நேர் எண்டது விருப்பமாத்தான் கிடந்தது, பிள்ளை."

உன்னுடைய பிழை இல்லை என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. பனி ஊசிகள் காலடியில் வந்து குவிந்துகொண்டிருந்தன. அவர் போர்வையை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது" என்றார்.

"கேளுங்கோ."

"என்னை ரொக்ஸ்பரோவுக்குக் கொண்டுபோய் விடு."

"இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. இலை வரேல்லை."

"இலை வரட்டும். நான் இருந்த வீடெண்டாலும், கண் கிடக்கேக்கை அதைப் பாத்துப் பாடமாக்கி வைக்கவேணும். எந்தப் படி எங்கை, சுவிச்சு எங்கை, எந்தக் கதவு எங்காலை திறக்கும் எண்டு. பேந்து சாகும்மட்டும் நான் இருக்கப்போறது அங்கைதானே. பேரப்பிள்ளையளின்ரை முகத்தையும் ஒருக்கா வடிவாப் பாக்கவேணும்." பிறகு என் முழங்காலைத் தட்டினார். "உன்ரை குளம் நல்ல வடிவு. ஆனா இருக்கிற கண் கொஞ்சம்."

நான் நாற்பது தாள் பிரதி எடுத்தேன், பதினொரு விஷயத்துக்குத் திகதி போட்டேன். அந்தக் கண்ணை எதற்குச் செலவிட விருப்பம் என்று அவரிடம் கேட்கவில்லை. அவர் என்னிடம் வந்தது ஏப்ரலில். வட்டம் பயறளவாக இருந்த நாட்கள் முழுவதையும் நான் பனிக்கூருக்கும் சேற்றுக்கும் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் அவர் விரதம் பிடித்தார். பின்னேரம் கஞ்சி காய்ச்சி, பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். அவர் பாகுத் தகரத்தைக் கொண்டுவந்து, தான் மாலை நான்கு மணி வரை பியர் குடிக்கவில்லை என்று அறிவித்தார். மறுநாள் காலை, மிஞ்சிய கட்டத் தாள்களையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

தெற்கே இறங்க இறங்க வசந்தம் முன்னால் போகும். எங்கள் ஏரியில் மரங்கள் மொட்டையாக இருந்தன. ஒரு மணி நேரத்தில் பொப்பிலர் மரங்களில் பச்சைப் புகை போல ஒன்று தெரிந்தது. ரொக்ஸ்பரோவில் வேலியோரச் செடிகள் ஏற்கனவே இலை விட்டிருந்தன. இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா வழி முழுக்கக் கேட்டார், இடைக்கிடை "ஓமோ" என்றார்.

அண்ணா வாசலில் நின்றார். "நான் சொன்னன்தானே" என்பதை விழுங்கிக்கொண்டு, என் கையிலிருந்து பையை வாங்கினார். அது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அம்மா சப்பாத்தைக் கழற்றிய கையோடு வீட்டை எண்ணத் தொடங்கினார். வாசலிலிருந்து குசினிக்கு ஒன்பது காலடி. திரும்பவும் நடந்தார்: ஒன்பது. படியின் கைபிடி எங்கே முடிகிறது என்று தடவி, அந்த இடத்தைப் பார்ப்பதற்குச் சுவரைப் பார்த்தார். நான் உதவப் போனேன். "நீ தள்ளி நில், நான் எண்ணுறன்" என்றார்.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வடக்கே போகப் போக இலைகள் சின்னதாகி, மொட்டாகி, பிறகு ஒன்றும் இல்லாமல் போயின.

எங்கள் ஏரியில் இலை வந்தது பன்னிரண்டு நாள் கழித்து, நான் கணித்ததற்கு ஒரு நாள் முந்தி. பேர்ச் மரங்கள் ஒரே கிழமையில் மூடிக்கொண்டன. காட்டுக்குள் மஞ்சள் பூக்கள் தலை குனிந்து நின்றன. கடிக்கும் கறுப்பு ஈக்களும் வந்தன. வேலை முடிந்து வந்து தெற்குச் சுவரோடு உட்கார்ந்து, வெளிச்சம் போகும் வரை எல்லாவற்றையும் பார்த்தேன். மிகவும் அழகாக இருந்தது. அண்ணா அனுப்பிய செய்தி தொலைபேசியில் இருந்தது: இன்று காலை அம்மா கட்டத் தாளில் கோடு போடவில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையாம், ஆனால் படிகளில் கைபிடியைப் பிடிக்காமல் ஏறி இறங்குகிறார்.